காற்றுக்கு ஒரு சுவர்

சிட்னியிலிருந்து தள்ளி இருக்கும் டாராபின் மேட்டில் ஆகஸ்டுக் குளிர்காலத்தில் அடிப்பது தெற்குக் காற்று. தெற்கிலிருந்து வருவதெல்லாம் தென்றல் என்று நம்புகிறவர்கள் ஒரு நாள் வெறும் சட்டையோடு வந்து அதன் முன்னால் நின்று பார்க்கலாம். பனிமலையைத் தொட்டுவிட்டு வரும் காற்று அது. ஈரம் காயாத ஆட்டுக்குட்டியை அரை மணி நேரத்தில் கட்டையாக்கிவிடும். அதனால் அந்தப் பக்கத்து ஆட்டுக்காரர்கள் குட்டி போடும் பருவத்தில் புல்லைப் பார்ப்பதற்கு முன்னால் காற்று மறைப்பு எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வில்மா கார்மோடி அடுப்புக் கதவைத் திறந்துவைத்து, அதன் முன்னால் அட்டைப் பெட்டியில் கிடந்த குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். தாய் செத்த குட்டி. ஒன்பது நாளில் நாற்பத்தொரு தாய்கள் செத்திருந்தன. மிச்சம் இருநூறு சொச்சம். இந்தப் பருவம் தேறினால்தான் அடுத்த வருஷமும் கார்மோடிகள் ஆட்டுக்காரர்கள். தேறாவிட்டால் நிலத்தைக் குப்பைக்கிடங்குக் கம்பெனி வாங்கிக்கொள்ளும். அதன் ஆள் இரண்டு முறை கேக்கும் கையுமாக வந்து இளித்துவிட்டுப் போயிருந்தான். கேக்கை வில்மா கோழிகளுக்குப் போட்டாள்.

மெர்வ் ஸ்டாக்டேலின் பிக்கப் வண்டி வாசலில் வந்து நின்றது. பக்கத்து நிலத்துக்காரன். கெட்ட சேதி என்றால் முதல் ஆளாக வருவான், நல்ல சேதியைத் தபாலில் அனுப்புவான் என்று ஊரில் அவனுக்குப் பெயர்.

"வில்மா, டெஸ் எங்க? டீ எல்லாம் அப்பறம். மொதல்ல அவனக் கூப்புடு."

அவள் புருஷன் டெஸ் கார்மோடி கொட்டகையிலிருந்து கிரீஸ் கையோடு வந்தான். நெட்டையன், அறுபது வயதை நெருங்கியவன், பத்து நாளாகச் சரியாகத் தூங்காத கண்.

"என்ன மாப்ள, மூஞ்சி செத்துப்போய் கெடக்கு?"

"செத்தது என் மூஞ்சி இல்ல, ஒன் ஆடு. இன்னும் ஆறு. தெக்கு வேலிச் சுவத்தோரமா கெடக்கு. அதுல ஒண்ணுமேல யாரு நின்னுக்கிட்டு இருந்தான்னு கேளு."

"கிடங்கு நாயா?"

"கிடங்கு நாய்னா நானே சுட்டுட்டு வந்திருப்பேனே. ஒங்க வீட்டு மகாராணிதான். பிப்பி. வாய் காது வரைக்கும் செவப்பு."

வில்மா புட்டியைக் கீழே வைத்தாள். "எங்க கடிச்சிருக்கு?"

"என்ன எங்க?"

"ஆட்ட எங்க கடிச்சிருக்குன்னு கேக்கறேன் மெர்வ். நாய் பின்னந்தொடையத்தான் புடிக்கும். தொடை கிழிஞ்சிருக்கா?"

"நான் என்ன பக்கத்துல உக்காந்து தடவியா பாத்தேன்? கண்ணு ரெண்டும் இல்ல, நாக்கு இல்ல. வாலுக்குக் கீழ தொறந்து கெடக்கு."

"கண்ணும் நாக்கும் காக்கா வேல. கீழ தொறந்ததும் அதுங்கதான்."

"வில்ம்," என்றான் டெஸ், "வக்கீலாட்டம் பேசாத."

வில்மா வாயை மூடிக்கொண்டாள். பிற்பாடு அவள் தன்னையே அடித்துக்கொள்ள நினைத்தது இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான். கல்யாணத்துக்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் நகரத்து இறைச்சிக்கூடத்தில் குடல் மேசையில் நின்றவள் அவள். ஆட்டின் வயிற்றைத் திறந்து அது எதனால் செத்தது என்று சொல்ல அந்த மேட்டில் அவளைவிட ஆள் கிடையாது. கத்தி சமையலறைச் சுவரில் கை எட்டும் தூரத்தில் தொங்கியது. முதல் ஆடு செத்த அன்றே போய்த் திறந்திருக்கலாம். நாய்தான் என்று டெஸ் சொன்னான், அவளும் நம்பினாள்.

நம்பக் காரணம் இருந்தது. பழைய கல்குவாரிப் பள்ளத்தில் டாராபின் ஊர்க் குப்பை மட்டும் விழுந்த காலத்தில் வாரம் மூன்று வண்டிதான் வரும். இப்போது சிட்னிக் குப்பை முழுக்க இங்கேதான். நாளைக்கு அறுபது லாரி. குப்பையைப் பிரிக்கும் பெரிய கொட்டகை ஒன்று, அதற்கு மறுசுழற்சி என்று பச்சை எழுத்தில் பெயர். கடலே இல்லாத ஊரில் கடல்காகங்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கின. ஓடைத் தண்ணீரில் எண்ணெய் மினுக்கியது. குவாரியிலிருந்து கசிந்த நீர் வேருக்குப் போய், டெஸ்ஸின் அப்பா வேலியோரம் நட்ட பைன் மரங்கள் இரண்டே வருஷத்தில் நின்ற வாக்கில் காய்ந்தன. எங்கிருந்தோ வந்த நாய்கள் கிடங்கில் தின்று கொழுத்து, குட்டி போட்டு, ஆட்டுக்கு வந்தன. டெஸ் சுட்டான். சுட்ட நாயைப் பின்னங்காலில் கம்பி கட்டி லாரிச் சாலை வேலியில் தலைகீழாகத் தொங்கவிட்டான். அது அவன் தாத்தா காலத்து வழக்கம். பதினோரு நாய் அங்கே காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

நாய்க்கு இருந்த சட்டம் எல்லாருக்கும் தெரிந்தது. ஆட்டைக் கடித்த நாய் அடுத்த பொழுது பார்க்கக்கூடாது. வளர்த்தவனேதான் சுடவேண்டும்.

பிப்பியை வளர்த்தவன் ராய்ஸ், இவர்களுடைய ஒரே மகன். இருபத்தாறு வயது. அதே கிடங்கின் மறுசுழற்சிக் கொட்டகையில் பளுதூக்கி வண்டி ஓட்டினான். அன்று விடுமுறை. தூக்கக் கலக்கத்தோடு காலுறையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது பிப்பி தானாகவே வீடு வந்து சேர்ந்திருந்தது. ஆடு மடக்கும் கருப்புக் கெல்பி ஜாதி நாய், ஐந்து வயது. வாயெல்லாம் ரத்தம். ராய்ஸின் பூட்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து வாலை ஆட்டியது.

"நீ சுடறியா, நான் சுடட்டுமா?" என்றான் டெஸ். துப்பாக்கி அவன் கையில் இருந்தது.

"எதச் சுடறது?"

"கண்ணு தெரியல? வாயப் பாரு."

"ஆடு குட்டி போட்டப்ப விழுந்த எளங்கொடியத் தின்னிருக்கும்பா. வருஷா வருஷம் தின்றதுதானே. நீயே சிரிச்சிருக்க."

"நாப்பத்தேழு ஆடுடா. நாப்பத்தேழும் எளங்கொடியா?"

"கிடங்கு நாய்மேல இருக்கற வெறிய இவமேல எறக்காத."

"கிடங்கப் பத்தி நீ பேசாத. அந்த நாத்தத்துல நின்னு அவனுங்களுக்கு வேல பாக்கறவன் நீ."

"ஆமா, நான்தான் பாக்கறேன். ஒனக்குக் காத்து மறைப்பு வேணும்னப்ப அந்த நாத்தத்துக்கிட்டதான கை நீட்டின? அப்ப இனிச்சுதா?"

மெர்வ் நடுவில் வந்தான். "ராய்ஸ், தம்பி, சட்டம்னா சட்டம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் நாய நான் சுடலயா? அழுதுக்கிட்டேதான் சுட்டேன்."

"நீ எதுக்கு வேணா அழுவ மெர்வ். தள்ளு."

ராய்ஸ் துப்பாக்கியைப் பிடித்து இழுத்தான். டெஸ் விடவில்லை. இரண்டு பேரும் சேற்றில் சுற்றினார்கள். துப்பாக்கிக் கட்டை ராய்ஸின் வாயில் இடித்தது, வேண்டுமென்றேதான் இடித்தது, வில்மா பார்த்தாள். முன்பல் ஒன்று உடைந்து உதட்டைக் கிழித்தது. மெர்வ் பின்னாலிருந்து ராய்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

பிப்பி குரைத்துக்கொண்டு சுற்றிச்சுற்றி ஓடியது. யாரைத் தடுப்பது என்று அதற்குத் தெரியவில்லை.

"உக்காரு," என்றான் டெஸ்.

ஆட்டை மடக்கிக் கொண்டுவந்து பட்டிக் கதவருகே நிறுத்தும்போது தினமும் அவன் சொல்லும் சொல். பிப்பி உடனே உட்கார்ந்தது, காதை நிமிர்த்தி, அடுத்து என்ன வேலை என்பதுபோல அவன் முகத்தையே பார்த்தது. டெஸ் சுட்டான். ஒரே வெடி.

மெர்வின் பிடி தளர்ந்தது. ராய்ஸ் முழங்கையால் அவன் விலாவில் ஒன்று வைத்துவிட்டு அப்பனிடம் போனான். முதல் அடியிலேயே டெஸ்ஸின் மூக்கு உடைந்த சத்தம் வில்மாவுக்குக் கேட்டது. விழுந்தவனை விடாமல் மண்டியிட்டு அடித்தான். டெஸ் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. வில்மா மகனின் தலைமயிரைப் பிடித்து இழுத்துத்தான் பிரிக்கவேண்டியிருந்தது.

"போதும். ரெண்டு பேரும் வாய மூடுங்க. ராய்ஸ், நாயத் தூக்கு. கறிக்கொட்டில்ல போடு."

"எதுக்கு? வேலில தொங்கவிடவா?"

"தூக்குடா."

வீட்டுக்கு அறுக்கும் ஆட்டை வெட்டுகிற மரமேசை அது. ராய்ஸ் பிப்பியைக் குழந்தையைக் கிடத்துவதுபோலக் கிடத்தினான். வில்மா சமையலறைச் சுவரிலிருந்து கத்தியை எடுத்துவந்து இரண்டு இழுப்பு தீட்டினாள்.

"கம்பளி இருந்தா டெஸ் சொன்னது சரி. அதுக்கப்பறம் நான் பேசமாட்டேன்."

நாயின் இரைப்பை சிறியது, திறக்க நேரமாகவில்லை. உள்ளே நாய் பிஸ்கட், அரையும் குறையுமாக மென்ற இளங்கொடி, கொஞ்சம் புல். வில்மா விரலால் விலக்கி விலக்கிப் பார்த்தாள். ஒரு முடி கம்பளி இல்லை.

மெர்வ் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினான். "நேத்து தின்னது செரிச்சிருக்கும்..."

"கம்பளி செரிக்காது மெர்வ். ஒனக்கே தெரியும். நீ சுட்ட நாயத் தொறந்து பாத்தியா?"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த கூட்டம்தான். ஆனால் அந்த மேட்டில் ஒருவனும் நாயைச் சுட்டபிறகு வயிற்றைப் பார்த்ததில்லை. சுட்டு, கட்டி, தொங்கவிட்டால் வேலை முடிந்தது. வில்மாவுக்கு அழ நேரமில்லை.

"அப்ப ஆடு எதால செத்துச்சு?" என்றான் டெஸ். மூக்கில் துணியை அழுத்தியிருந்ததால் குரல் வேறு யாருடையதோபோல வந்தது.

"ஒம்பது நாள் கழிச்சுக் கேக்கற. வா."

நான்கு பேரும் மெர்வின் வண்டியில் தெற்கு வேலிக்குப் போனார்கள். சுவர் அங்கேதான் இருந்தது. டெஸ்ஸின் பெருமை அது. பைன் மரங்கள் செத்து, காற்று மறைப்பு போனபிறகு போன குளிர்காலத்தில் எண்பது குட்டி விறைத்துச் செத்தன. அதே சமயம் கிடங்கில், பிரித்து அழுத்திக் கம்பி கட்டிய பிளாஸ்டிக் பொதிகள் வாங்க ஆளில்லாமல் மலையாகக் குவிந்துகொண்டிருந்தன. அந்தப் பொதிகளைத் தன் வேலியோரம் அடுக்கித் தரச்சொல்லி டெஸ்தான் கேட்டான். கம்பெனிக்கு வலிக்குமா? இடம் மிச்சம். ராய்ஸ் ஒரு வாரம் பளுதூக்கி வண்டி ஓட்டி, நாலு பொதி உயரத்துக்கு, இருநூறு மீட்டர் நீளத்துக்கு அடுக்கினான். அவர்களிடமிருந்து ஒரு நல்லதாவது பிடுங்கினானே என்று மதுக்கடையில் டெஸ்ஸுக்கு ஊரே பீர் வாங்கிக் கொடுத்தது. இந்தப் பருவம் குளிரில் ஒரு குட்டியும் சாகவில்லை. சினை ஆடுகள் பகலும் இரவும் அந்தச் சுவரை விட்டு நகரவில்லை.

ஆறு ஆடுகளும் சுவரின் காலடியில் கிடந்தன. தொடையில் பல் பட்ட தடமே இல்லை. வில்மா முதல் ஆட்டைப் புரட்டி, விலாவுக்குக் கீழே கத்தியை இறக்கினாள். ஆவி பறந்தது. பெரிய இரைப்பை அவள் கைக்குக் கல்லுபோலப் பட்டது. பன்னிரண்டு வருஷத்தில் அப்படி ஒன்றை அவள் தொட்டதில்லை. கீறினாள்.

உள்ளே புல் கொஞ்சம். மற்றதெல்லாம் பிளாஸ்டிக். அவள் பிடித்து இழுக்க, இரைப்பை முறுக்கி முறுக்கிக் கயிறாகத் திரித்துவைத்திருந்தது கை நீளத்துக்கு வந்துகொண்டே இருந்தது. ரொட்டிப் பை, உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட், கறி சுற்றிய தாள். ஒரு பையில் இன்னும் எழுத்து அழியவில்லை. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று இருந்தது. அதற்குக் கீழே கருப்பையில் இரட்டைக் குட்டிகள், முடி முளைத்து, பிறக்கத் தயாராக.

"உப்பு," என்றாள் வில்மா. "வறுவலும் கறியும் சுத்துன தாளு. உப்புக்கு நக்கிருக்கு. நக்கி நக்கித் தின்னுருக்கு."

இரண்டாவது ஆட்டைத் திறந்தாள். அதேதான். மூன்றாவதைத் திறக்க டெஸ் விடவில்லை. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடிவரிசைப் பொதிகளில், ஆட்டின் வாய் எட்டும் உயரம் முழுக்க, இருநூறு மீட்டருக்கும், கடித்துக் குடைந்த குழிகள் வரிசையாக இருந்தன. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே ஆடு வேலியை மேய்ந்திருந்தது. பக்கத்தில் நின்ற உயிருள்ள ஆடுகளின் தாடைகள் அசைந்துகொண்டிருந்தன. அசை போடுகின்றன என்று பத்து நாளாக அவன் நினைத்திருந்தான்.

"நான்தான் கேட்டேன்," என்றான் டெஸ்.

"நான்தான் அடுக்குனேன்," என்றான் ராய்ஸ்.

அதுதான் அன்றைக்கு இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் பேச்சு. டெஸ் நடந்து போய்ச் சுவரை உதைத்தான். பிறகு கையால் குத்தினான். கம்பி முனை விரல் முட்டியைக் கிழிக்கக் கிழிக்கக் குத்திக்கொண்டே இருந்தான். பொதி அசையவில்லை.

"குத்துனது போதும் டெஸ், வானத்தப் பாரு," என்றான் மெர்வ்.

தெற்கே வானம் ஈயச்சட்டிபோலக் கறுத்திருந்தது. புல் ஒரே பக்கமாகப் படுக்க ஆரம்பித்திருந்தது. மதியத்துக்குள் ஆலங்கட்டியும் பனியும் கலந்து வரும், குழந்தைக்கும் தெரியும். சுவரை ஒட்டி இருநூறு ஆடு. அதில் நாற்பதுக்குமேல் நேற்றும் இன்றும் குட்டி போட்டவை. ரோமம் கத்தரிக்கும் கொட்டகை ஒரு கிலோமீட்டர் வடக்கே, நடுவில் மறைப்பே இல்லாத வெட்டவெளி. இங்கேயே விட்டால் தின்றே சாகும். காற்று இறங்குவதற்குள் கொட்டகைக்குப் போகாவிட்டால் குட்டிகள் சாகும்.

"ஒரு மணி நேரம் இருக்கு," என்றாள் வில்மா. "இப்பவே ஓட்டுனா..."

சொல்லும்போதே அவளுக்குப் புரிந்தது. எல்லாருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. குட்டி போட்ட ஆடு போட்ட இடத்தை விட்டு நகராது. அதை நகர்த்த நாய் வேண்டும். வண்டியை விட்டால் குட்டிகள் சக்கரத்தில் மாட்டும். மெர்வின் கடைசி நாய் போன மாதம் கிடங்கு லாரியில் அடிபட்டுச் செத்தது. டாராபின் மேட்டின் மிகச் சிறந்த மடக்கு நாய் கறிக்கொட்டில் மேசையில் வயிறு திறந்து கிடந்தது.

ராய்ஸ் சிரித்தான். உடைந்த பல்லோடு அவன் சிரித்ததை வில்மாவால் பார்க்க முடியவில்லை. அவன் கீழே கிடந்த கத்தியைப் பார்த்துவிட்டு அப்பனைப் பார்த்தான். அவள் குனிந்து கத்தியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அப்பறம் கொன்னுக்கோங்க," என்றாள். "மொதல்ல ஆடு."

நான்கு பேரும் கையை விரித்துக்கொண்டு, கத்திக்கொண்டு, தொப்பியை வீசிக்கொண்டு ஓடினார்கள். ஆடுகள் ஐம்பது அடி போய், கலைந்து, அவர்கள் கால்களுக்கு நடுவே புகுந்து சுவருக்கே திரும்பின. ஒரு ஆடு முட்டி மெர்வ் சேற்றில் விழுந்தான். இரண்டாம் தடவை மெர்வ் நாய்போலக் குரைத்துப் பார்த்தான். ஆடுகள் மதிக்கவில்லை. மூன்றாம் தடவை டெஸ் ஓடமுடியாமல் நின்றுவிட்டான். மூக்கு ரத்தம் பல்லில் வழிந்துகொண்டிருந்தது. ஆட்டைப் பார்த்து நின்ற நாற்பது வருஷப் பழக்கம், அவனை அறியாமலே இரண்டு விரல் வாய்க்குப் போயிற்று. நீளமாக ஒரு சீட்டி அடித்தான். பிப்பியைப் பின்பக்கமாகச் சுற்றிவரச் சொல்லும் சீட்டி.

இருநூறு ஆடும் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கின. ஒன்றோடொன்று நெருங்கி ஒரே கூட்டமாகின. நாய் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றன.

டெஸ் விரலை வாயிலிருந்து எடுத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"இன்னொரு தடவ ஊதுப்பா," என்றான் ராய்ஸ்.

அவன் கருப்பு மழைக்கோட்டைத் தலைவரை இழுத்து மூடியிருந்தான். சுவரோரமாகப் பின்பக்கம் ஓடி, பிப்பி வருகிற இடத்துக்குப் போய், இரண்டு கையும் தரையில் ஊன்றிப் பதுங்கினான். டெஸ் ஊதினான். ராய்ஸ் நாலு காலில் பாய்ந்தான். முன்னால் நின்ற ஆடு காலைத் தரையில் தட்டி அவனை முறைத்தது. அவன் அசையாமல், கண்ணைத் தாழ்த்தாமல், பிப்பி செய்வதுபோலவே முறைத்தான். ஆடு திரும்பியது. அதன் குட்டி பின்னால் போனது. கூட்டம் நகர்ந்தது.

ஒரு கிலோமீட்டர். இடப்பக்கம், வலப்பக்கம், சுற்று, நில், எல்லாச் சீட்டியும் டெஸ் ஊதினான், ராய்ஸ் ஓடினான், பதுங்கினான், உள்ளங்கை கிழிந்தது, முழங்கால் துணி போயிற்று. பாதி வழியில் காற்று இறங்கியது. ஆலங்கட்டி பக்கவாட்டில் அடித்தது. வில்மாவும் மெர்வும் விழுந்த குட்டிகளைப் பொறுக்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்கள். பொறுக்க முடியாததை விட்டுவிட்டார்கள். நடக்கிற ஆடுகளில் எத்தனை வயிற்றில் ஏற்கெனவே சாவைச் சுமந்துகொண்டு நடக்கின்றன என்று வில்மாவுக்குத் தெரியாது. கல்லு வயிறு எது என்று கையால் தடவினால் தெரியும். நாளைக்குத் தடவலாம்.

கொட்டகைக் கதவு குறுகலானது. ஆடு அதில் நுழையவேண்டுமானால் நாய் கொஞ்சம் தள்ளி அடங்கி உட்காரவேண்டும். துரத்தினால் முட்டி மோதிக் குட்டிகளை மிதித்துவிடும். ராய்ஸ் கூட்டத்துக்குப் பின்னால் நாலு காலில் நின்று மூச்சு வாங்கினான். உதட்டிலிருந்து ரத்தமும் எச்சிலும் நூலாகத் தொங்கின. அப்பன் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். அந்த இடத்தில் சீட்டி கிடையாது. ஒரு சொல்தான்.

டெஸ் வாயைத் திறந்தான். வரவில்லை. மறுபடி திறந்தான். கதவருகே ஆடுகள் நெருக்கின, ஏதோ ஒரு குட்டி கீழே கத்தியது.

"சொல்லுப்பா," என்றான் ராய்ஸ். "சொல்லு."

டெஸ் தலையை இல்லை இல்லை என்று ஆட்டிக்கொண்டே நின்றான். கடைசியில் ராய்ஸ் தானாகவே ஆலங்கட்டியில் உட்கார்ந்தான். ஆடுகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.